கல்லீரலைக் காக்கும் நான்கு எண்கள்

கல்லீரல் புற்றுநோய்க்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலையே தூண்டிவிடும் மருந்துகள் வந்துவிட்டன. ஒரு குழல் ரத்தத்தில் புற்றுநோயின் தடயத்தைத் தேடும் சோதனைகளும் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் நல்ல செய்திகள்தான். ஆனால், புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் இறக்கும் ஒரு தொழிலாளிக்கு, வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பிறகுதான் ‘லிவர் போச்சு’ என்று தெரிகிறது என்றால், அந்தச் செய்திகளால் அவருக்கு என்ன பயன்? ஆராய்ச்சிக்கூடத்துக்கும் நோயாளிக்கும் நடுவே முதல் படி ஒன்று விடுபட்டிருக்கிறது. அதைக் கட்டப் பெரும் பணம் வேண்டாம், கவனம் வேண்டும்.

2025 ஜூலையில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. 2022இல் உலகம் முழுவதும் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்கள் ஏறத்தாழ 8.7 லட்சம் பேர். இப்படியே போனால் 2050இல் இந்த எண்ணிக்கை 15.2 லட்சமாகிவிடும். அதே அறிக்கையில் ஆறுதலும் உண்டு: இந்தப் புற்றுநோயில் குறைந்தது 60 சதவீதம் தடுக்கக்கூடியது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கல்லீரல் கொழுப்பு ஆகிய நான்கு வாசல்களை அடைத்தாலே போதும்.

நான்கு வாசல்களுமே நம் ஊரில் திறந்து கிடக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, இந்தியாவில் சுமார் 2.98 கோடி பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடனும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றுடனும் வாழ்கிறார்கள். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கட்டுரை, பெரியவர்களில் 38 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகக் கணித்தது. மதுவைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வலிக்காத உறுப்பு

கல்லீரல் பொறுமைசாலி. முக்கால்வாசி கெட்டுப்போன பிறகும் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருக்கும். உள்ளே வலியை உணரும் நரம்புகள் கிடையாது என்பதால், அதன் மேலுறை இழுபடும்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

கொழுப்போ, மதுவோ, வைரஸோ, எதுவானாலும் கல்லீரலில் நடப்பது ஒரே கதை. செல்கள் காயப்படுகின்றன, காயம் ஆறுகிறது, ஆறிய இடத்தில் தழும்பு விழுகிறது. பத்து, இருபது ஆண்டுகள் இது தொடர்ந்தால் தழும்புகள் கூடி உறுப்பே கட்டியாகிச் சுருங்கிவிடும். டாக்டர்கள் சிரோசிஸ் என்பார்கள். வீட்டில் ‘ஈரல் சுருங்கிப்போச்சு’ என்பார்கள். வயிற்றில் நீர் கோத்து மகோதரமாவது அதன் கடைசிக் கட்டம்.

கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் சுருங்கிய கல்லீரலில்தான் முளைக்கிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு விஷயம் புரியும். முதல் காயத்துக்கும் புற்றுநோய்க் கட்டிக்கும் இடையில் பல ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

காவல் ஏன் தளர்கிறது?

நம் உடலில் தினமும் பிறழ்ந்த செல்கள் தோன்றுகின்றன. ரத்தத்தில் சுற்றிவரும் டி செல்கள் அவற்றைக் கண்டுபிடித்து அழிக்கின்றன. கல்லீரலில் மட்டும் இந்தக் காவல் சற்று இளகியே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. தின்றது, குடித்தது, குடல் கிருமிகள் உதிர்த்தது என அத்தனையும் அதில் கலந்திருக்கும். விடியற்காலையில் படகுகள் வரிசையாகக் கரைசேரும் துறைமுகத்தில் ஒவ்வொரு கூடையையும் கொட்டிச் சோதித்தால் ஏலம் நடக்காது அல்லவா? கல்லீரலும் அப்படித்தான் பலவற்றையும் கண்டும் காணாமல் விடப் பழகியிருக்கிறது.

1969இல் ராய் கேன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். தொடர்பே இல்லாத இரு பன்றிகளுக்கு இடையே கல்லீரலை மாற்றிப் பொருத்தியபோது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து இல்லாமலேயே பல பன்றிகளின் உடல் அதை ஏற்றுக்கொண்டது. மாற்று உறுப்புக்கு உதவிய இந்த இளக்கமே புற்றுநோய்க்கும் வசதியாகிவிடுகிறது.

டி செல்லின் மேல் பி.டி.-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைத் தொட்டால் டி செல் தாக்குவதை நிறுத்திவிடும். தேவையற்ற சேதத்தைத் தவிர்க்க இயற்கை வைத்த ஏற்பாடு அது. புற்றுநோய்ச் செல்கள் இதைத் தொட்டு டி செல்லை அடக்கிவிடுகின்றன. இந்தத் தொடுதலை மறிக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டியவர்கள் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவும், இதேபோன்ற இன்னொரு புரதத்தை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும். இருவரும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

புது மருந்து யாருக்கு?

2020இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. அடெசோலிசுமாப், பெவசிசுமாப் என்ற இரு ஊசி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, முற்றிய கல்லீரல் புற்றுநோய் கொண்டவர்களில் சுமார் 67 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் அது சுமார் 55 சதவீதம். பின்னர் வந்த கணக்குப்படி, சராசரி ஆயுள் சுமார் 13 மாதங்களிலிருந்து 19 மாதங்களாக நீண்டது.

கல்லீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம். ஆனால் செய்தியில் விடுபடுகிற ஒரு வரி இருக்கிறது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், புற்றுநோய் இருந்தும் கல்லீரல் ஓரளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மட்டுமே. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி வருகிறவர்கள் அதில் இல்லை. நம் அரசு மருத்துவமனைகளின் வாசலுக்குப் பெரும்பாலும் வருகிறவர்களோ அவர்கள்தான். தாமதமாக வந்தால் பணம் இருந்தாலும் புது மருந்து கைகொடுக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் புற்றுநோய் ஆய்வு மையத்தினர் தலைமையில் 2021இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் கொண்ட எலிகளுக்கு பி.டி.-1 மருந்து கொடுத்தபோது கட்டிகள் குறையவில்லை, அதிகரித்தன. கொழுப்புக் கல்லீரலில் டி செல்களே திசைமாறி, கல்லீரலைக் காயப்படுத்தத் தொடங்கிவிடுகின்றன. மூன்று பெரிய மருந்து ஆய்வுகளில் பங்கேற்ற 1,600க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோதும், வைரஸால் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கிடைத்த பலன் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் வந்த சில ஆய்வுகளில் வைரஸ் இல்லாதவர்களும் பலன் பெற்றிருக்கிறார்கள். எனவே இறுதித் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. ஆனால், எந்தக் காரணத்தால் கல்லீரல் கெட்டது என்பது சிகிச்சையையும் பாதிக்கக்கூடும் என்பது தெளிவு. சர்க்கரை நோயும் தொப்பையும் பெருகிவரும் நம் நாட்டுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட முக்கியம்.

விலை என்ற தடையைக் குறைக்க இந்திய ஆய்வாளர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்டவர்களுக்கு, நிவோலுமாப் என்ற பி.டி.-1 மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 16 சதவீதம். இந்தச் சிறிய அளவு ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம். பெருநிறுவனங்கள் கேட்காத கேள்வியை ஏழை நோயாளிகளின் மருத்துவமனை கேட்டதால் கிடைத்த விடை இது.

‘கேன்சர் மார்க்கர்’ வியாபாரம்

புற்றுநோயின் தடயத்தை ரத்தத்தில் தேடும் முயற்சி புதிதல்ல. 1963இல் மாஸ்கோவில் காரி அபெலெவ், கல்லீரல் கட்டியுள்ள எலிகளின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தைக் கண்டார். கருவிலுள்ள குழந்தையின் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. அடுத்த ஆண்டே யூரி டட்டாரினோவ் கல்லீரல் புற்றுநோய் நோயாளிகளிடமும் அதைக் கண்டறிந்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும் உலகம் முழுவதும் பயன்படுவது இதே சோதனைதான்.

அதன் பலவீனங்களும் தெரிந்தவையே. ஆரம்பக் கட்டக் கட்டிகளில் கணிசமான பகுதியை அது தவறவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே அது உயர்ந்திருக்கும். கல்லீரல் அழற்சி கொண்டவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலும் உயரலாம். அதனால்தான் தனியாக இதை நம்பாமல், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆனால், இன்று தனியார் ஆய்வகங்கள் விற்கும் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் ‘டியூமர் மார்க்கர்’ என்ற பெயரில் இதுவும் ஓர் அயிட்டமாகிவிட்டது. கல்லீரல் நோயே இல்லாத ஆரோக்கியமானவருக்கு இதனால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆரோக்கியமாகத் தெரியும் பத்தாயிரம் பேரில் ஐந்து பேருக்கு உண்மையிலேயே கட்டி இருக்கிறது என்றும், சோதனை அவர்களில் மூன்று பேரைப் பிடிக்கிறது என்றும், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தவறான அபாயமணி அடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று பேரைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 500 பேர் தூக்கம் இழந்து, சி.டி. ஸ்கேனுக்குக் கடன் வாங்கி அலைவார்கள். விடுபட்ட இருவரோ ‘எல்லாம் நார்மல்’ என்ற தாளோடு நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

அதே சோதனையைச் சரியான ஆளுக்குச் செய்தால் உயிர் காக்கிறது. ஷாங்காய் நகரில் ஹெபடைடிஸ் பி தொடர்புடைய சுமார் 18,800 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி. சோதனையும் ஸ்கேனும் செய்த குழுவில் கல்லீரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது. பலரும் ஒழுங்காக வராதபோதே இந்தப் பலன் கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நான்கு எண்கள்

அப்படியானால், ஆபத்து அதிகமுள்ளவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அந்த முதல் படி வருகிறது.

2006இல் வெளியான ஃபிப்-4 என்ற எளிய கணக்குக்கு நான்கு எண்கள் போதும்: வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் எண்ணிக்கை. முதல் எண் எல்லாருக்கும் தெரியும். நடுவில் உள்ள இரண்டும் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையில் வருபவை. கடைசியில் உள்ளது சாதாரண ரத்த அணுச் சோதனையில் வருவது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் அளவிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை.

வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, அதை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உதாரணமாக 48 வயதுக்காரர் ஒருவருக்கு ஏ.எஸ்.டி. 80, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 1.2 லட்சம் என்றால் விடை 4. விடை 1.3க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேலே போனால் உடனே கல்லீரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இடையில் இருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் தேவைப்படும்.

இந்த உதாரணத்தில் இன்னொன்றையும் பாருங்கள். 80, 64 என்ற எண்களைப் பார்த்து ‘கொஞ்சம் ஏறியிருக்கு, எண்ணெயைக் குறைங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. 1.2 லட்சம் பிளேட்லெட்டைத் தனியாகப் பார்த்தால் அதுவும் பயமுறுத்தாது. நான்கையும் சேர்த்தால்தான் ஆபத்து தெரிகிறது.

கணக்குக்கு எல்லைகளும் உண்டு. 35 வயதுக்குக் கீழே அது சரியாக வேலை செய்யாது. 65 வயதுக்கு மேல் முதல் வரம்பை 1.3இலிருந்து 2 ஆக உயர்த்திக்கொள்ள வேண்டும். டெங்கு காய்ச்சலில் பிளேட்லெட் சரியும், ஏ.எஸ்.டி. எகிறும், அந்த நேரத்தில் கணக்கு போட்டால் வீண் பீதிதான். காய்ச்சல் முழுவதும் அடங்கிய பிறகே பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கின் செலவு சுழியம். அரசு மருத்துவமனைகளில் தினமும் நூற்றுக்கணக்கான தாள்களில் இந்த எண்கள் அச்சாகின்றன. கல்லீரல் கொழுப்பைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்ப்பதாக 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு அறிவித்தது. அந்த எண்களைச் சேர்த்துப் பார்ப்பதை எல்லா இடங்களிலும் கட்டாய நடைமுறையாக்குவதே பாக்கி.

கீழாநெல்லி தந்த பாடம்

மஞ்சள் காமாலை என்றதும் தமிழர் வீட்டில் முதலில் வரும் பெயர் கீழாநெல்லி. அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன பெருமை சென்னைக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வாளரும் பின்னாளில் அதன் துணைவேந்தருமான எஸ்.பி.தியாகராஜனும் குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பெற்ற பாருக் பிளம்பர்கும் சேர்ந்து, 1988இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழு, உறுதியான சான்று இல்லை என்று முடித்தது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேள்வி எழுப்பியது சரி, சோதித்தது சரி, மறுபடி சோதித்து விடையைத் திருத்திக்கொண்டதும் சரி. அறிவியல் இப்படித்தான் நடக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே வடிந்துவிடும். அந்தப் பெருமை பச்சிலைக்குப் போய்ச் சேரும். அதே நம்பிக்கையில் ஹெபடைடிஸ் பி-க்காரரும் சிரோசிஸ்காரரும் மாதக்கணக்கில் காத்திருந்து, அந்தப் பொன்னான அவகாசத்தை இழந்துவிடுகிறார்கள். காமாலை வந்தால் அது எந்தக் காமாலை என்று ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

ஊசியும் வேர்க்கடலையும்

புற்றுநோய்க்கு எதிரான முதல் தடுப்பூசி எது என்று கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. அது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. தைவான் 1984இல் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986இலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போடத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் விகிதம் லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆகக் குறைந்தது. எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் வேலையை, எந்த நவீன ஊசிக்கும் முன்பே, மிக மலிவாகச் செய்து காட்டியது இதுதான்.

இந்தியா இதைச் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் வெள்ளோட்டம் பார்த்து, நாடு முழுவதற்கும் விரிவாக்கியது 2011இல்தான். அப்படியானால் இன்று உழைக்கும் வயதில் இருப்பவர்களில் மிகப் பலர் இந்த ஊசியைப் போடாதவர்கள். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். ஹெபடைடிஸ் சி தொற்றைப் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையிலேயே முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். ஹெபடைடிஸ் பி தொற்றைத் தினம் ஒரு மாத்திரையால் அடக்கி வைக்கலாம். இலவசமாகக் கிடைப்பது மக்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள விழுப்புரம், கடலூர் வட்டாரம் வேர்க்கடலை பூமி. ஈரம்பட்ட கடலையில் பிடிக்கும் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. வறுத்தாலும் அது முழுவதும் அழியாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேர் நோயுற்றார்கள். 106 பேர் இறந்தார்கள். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உள்ளே போனால் புற்றுநோய். ஷாங்காயில் 18,244 ஆண்களின் சிறுநீரைச் சேகரித்துத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. அஃப்லாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 3 மடங்கு; ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு; இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்கு. சொத்தைக் கடலையைப் பொறுக்கி எறியச் சொன்ன பாட்டிமார் சொன்னது சரி.

கலால் வருவாயும் கல்லீரலும்

புதுச்சேரி அரசுக்கு மது ஒரு முக்கிய வருவாய். சாராயக்கடை, கள்ளுக்கடை, பார் எனப் பல வடிவங்களில் அது கிடைக்கிறது. வார இறுதியில் அண்டை மாநிலத்திலிருந்து அதற்காகவே வண்டிகள் வருகின்றன. மதுவிலக்கு வேண்டுமா என்ற பழைய பட்டிமன்றத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. சிறிய கேள்வி ஒன்றே போதும். மது விற்ற காசு அரசுக் கஜானாவுக்கு வருகிறது. அதனால் கெட்ட கல்லீரல் அரசு மருத்துவமனைக்கு வருகிறது. முதல் கணக்கிலிருந்து இரண்டாவது கணக்குக்கு ஒரு பங்கை ஏன் நேரடியாக ஒதுக்கக் கூடாது?

குடியை நிறுத்தினால் கல்லீரல் தேறும். சிரோசிஸ் வந்தவருக்கும் ஆயுளை நீட்டிக்கும் மிகப் பெரிய மருந்து அதுதான். ஆனால் ‘நிறுத்து’ என்று திட்டி அனுப்புவதால் யாரும் நிறுத்துவதில்லை. மனநல ஆலோசனையும் குடிமீட்பு மருந்தும் கல்லீரல் வெளிநோயாளிப் பிரிவிலேயே கிடைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

புதுச்சேரி சிறிய பகுதி. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12.5 லட்சத்துக்கும் குறைவு. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கே இருக்கிறது. 2008 முதல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கேயே உள்ளது. நகர நடுவில் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, போதாததற்குப் பல தனியார் மருத்துவக் கல்லூரிகள். இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை மருத்துவர்கள் கிடைப்பது அரிது. இங்கே முடியாதது வேறெங்கும் முடியாது.

ஒன்று: அரசு ஆய்வகங்களின் அறிக்கைத் தாளில் ஃபிப்-4 எண் தானாகவே அச்சாகும்படி மென்பொருளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 2.67ஐத் தாண்டினால் சிவப்பு எழுத்தில், மேல்சிகிச்சைக் குறிப்போடு அது வர வேண்டும்.

இரண்டு: ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகும் ஆண்கள் கரையில் இருக்கும் காலம் அது. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலேயே கல்லீரல் முகாம் நடத்த இதைவிட வாய்ப்பான நேரம் இல்லை. ஹெபடைடிஸ் பி, சி சோதனை, அந்த நான்கு எண்கள், தொற்று இல்லாதவர்களுக்கு அங்கேயே தடுப்பூசி. ஐஸ் கட்டி உடைப்பவர்கள், வலை பின்னுபவர்கள், கூடை சுமக்கும் பெண்கள் எல்லாரையும் இதில் சேர்க்க வேண்டும். பெண்களிடம் காரணம் மதுவாக இருக்காது. சர்க்கரையும் கொழுப்புமாக இருக்கும்.

மூன்று: சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு. ஆறு மாதம் ஆனதும் ஸ்கேனுக்கு அழைத்துத் தொலைபேசி வர வேண்டும்; வராதவர் வீட்டுக்குச் செவிலியர் போக வேண்டும். காசநோய்க்கு இதைச் செய்யத் தெரிந்த நமக்குக் கல்லீரலுக்கும் செய்யத் தெரியும்.

நான்கு: அறிகுறியோ ஆபத்துக் காரணமோ இல்லாதவர்களிடம் ‘டியூமர் மார்க்கர்’ பேக்கேஜ்களை விளம்பரம் செய்து விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே அந்தச் சோதனை என்று விதித்தாலே பாதி வியாபாரம் அடங்கும்.

ஐந்து: ஜிப்மரும் மற்ற மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து, நோயாளிகளின் முழுச் சம்மதத்தோடு ரத்த மாதிரிகளைச் சேமித்து, நம் மக்களுக்குப் பொருந்தும் குறியீடுகளைத் தேட வேண்டும். சீனாவிலும் ஐரோப்பாவிலும் உருவான அளவுகோல்கள் நம் உடலமைப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. குறைந்த அளவு எதிர்ப்பாற்றல் மருந்து கல்லீரல் புற்றுநோயிலும் பலன் தருமா என்ற கேள்விக்கும், கொழுப்புக் கல்லீரலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டிய இடம் இதுபோன்ற ஊர்கள்தான்.

ஆறு: கலால் வருவாயில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கல்லீரல் பாதுகாப்புக்கும் குடிமீட்புக்கும் பட்ஜெட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும்.

வாசகர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வாழ்நாளில் ஒருமுறையாவது ஹெபடைடிஸ் பி, சி சோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, உடல்பருமன், மது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், அடுத்த ரத்தச் சோதனைத் தாளை மருத்துவரிடம் நீட்டி ‘என் ஃபிப்-4 எவ்வளவு?’ என்று கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டார்களா என்று விசாரியுங்கள்.

எதிர்ப்பாற்றல் மருந்து ஆராய்ச்சி தொடரட்டும். அதன் விலை குறையட்டும். ஆனால், அந்த மருந்து தேவைப்படும் நிலைக்கு ஆளே வராமல் தடுக்கும் அறிவு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. மேலே சொன்ன ஆறில் முதல் மூன்றுக்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.